வாங்காமல் விட்ட ஐம்பது காசு

அன்றைக்கு அந்த ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரைஸ்மில் முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, போனைக் கழற்றிக்கொண்டு போக வந்திருந்த லைன்மேன், பழைய டீ பாக்கியைக் கேட்க வந்த எதிர்க்கடை அண்ணன், மில்லில் எடை போடுகிறவனாகிய நான். வேறு யாரும் இல்லை. இதை ஏன் எண்ணிச் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் இருந்ததே கிடையாது.

மில் நின்று இருபது நாள் ஆகியிருந்தது. முதலாளிக்கும் அவருடைய தம்பிக்கும் சொத்து வழக்கு. கேஸ் முடிகிற வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது என்று ஆகிவிட்டது. களத்தில் நெல் காயவைத்த பெண்கள், மூட்டை தூக்கியவர்கள் எல்லோரும் கடைசிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி இனிமேல் புதுச்சேரி டவுனிலேயே இருக்கப்போகிறார். என்னை மட்டும் காவலுக்கு வைத்துவிட்டுப் போகிறார். சம்பளம் கிடையாது, பின்பக்க அறையில் தங்கிக்கொள்ளலாம். எனக்கும் போக இடம் இல்லை. அம்மா போன பிறகு வீட்டை அண்ணன் எடுத்துக்கொண்டார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்.

லைன்மேன் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ செய்தது. பாகூருக்கு மேற்கே அந்த ரோட்டில் மில்லைச் சுற்றி எல்லாம் வயல். மெஷின் சத்தம் நின்றதே எனக்குப் பாதி உயிர் போன மாதிரி இருந்தது. இந்தக் கருப்புப் பெட்டியும் போய்விட்டால் அப்புறம் அங்கே மனிதக் குரல் என்று எதுவும் இருக்காது.

"கழட்டாதீங்க. நான் கட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

டீக்கடை அண்ணன் சிரித்துவிட்டார். "எம் பாக்கியக் கட்ட வழியக் காணோம். யாருக்குடா போன் பண்ணப் போற நீ?"

"நான் பண்ணலண்ணே. வர்றத எடுத்து, யாருக்கு வந்துச்சோ அவங்களாண்ட போய்ச் சொல்றேன். அதுக்குக் காசு."

முதலாளி வியாபாரக் குடும்பத்துக்காரர், எதையும் இல்லை என்று உடனே சொல்ல மாட்டார். "போன் மில் பேர்லதான் இருக்கும். ஒரு பில்லு தவறுனாலும் இவர் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவார். எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது" என்றார். லைன்மேன் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான்கு பேரும் போனார்கள். நான் போனைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்தில் நாலைந்து ஊருக்குச் சேர்த்தே போன் இருந்த இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். போன் எடுத்தால் டயல் கிடையாது, எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் குரல் "நம்பர்?" என்று கேட்கும். வெளியூர் என்றால் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். போன் இல்லாதவர்கள் கடிதத்தில் யாராவது தெரிந்தவர் வீட்டு நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். மில் நடந்தபோது முதலாளி முகத்துக்குப் பயந்து யாரும் எங்கள் நம்பரைக் கொடுத்ததில்லை. இப்போது நானே சீட்டுச் சீட்டாக எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன்.

விலை வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மூன்று நாள் பேப்பரில் கணக்குப் போட்டேன். மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அந்தப் போன் நாளைக்கு ஒரு ரூபாய் தின்றது. அதற்குப் போட்டது போகத்தான் எனக்குச் சோறு. யாரிடம் வாங்குவது? கூப்பிடுகிறவன் பம்பாயிலோ மெட்ராஸிலோ இருக்கிறான், அவனிடம் வாங்க முடியாது. சேதியைக் கேட்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். அவர்கள், "நானா உன்ன வரச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டால்?

டீக்கடை அண்ணனிடம் போய்க் கேட்டேன். "ஒரு டீ இன்னா வெல?" என்றார் அவர்.

"இருவத்தஞ்சு காசு."

"அதான் உன் வெலயும். ஊருக்குள்ள ஒரு சேதி ஒரு டீ. சைக்கிள மிதிச்சுகினு பக்கத்து ஊருக்குப் போனா ரெண்டு டீ. டீயக் குடுத்துட்டுக் காசக் கேக்கறதுக்கு நான் வெக்கப்படறேனா?"

அப்படித்தான் விலை வந்தது. ஊருக்குள் கால் ரூபாய், பண்டசோழநல்லூர், நெட்டப்பாக்கம் பக்கம் அரை ரூபாய். இதைத் தவிர மாதக் கட்டணம் பத்து ரூபாயில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ஒற்றை லாரி வைத்திருந்தவர். ஒருவர் போர்வெல் போடுகிறவர். இன்னொருவர் கல்யாணத்துக்கெல்லாம் வாசிக்கிற மேளசெட்டின் தலைவர். இவர்கள் மூன்று பேருக்கும் ஆபீஸ் கிடையாது. நான்தான் ஆபீஸ். யாரைக் கேட்டுப் போன் வருகிறதோ அதற்குத் தகுந்த மாதிரி "லாரி ஆபீசுங்க" என்பேன், "போர்வெல் ஆபீசுங்க" என்பேன். "ஓனர் இப்பத்தான் வெளிய போனாருங்க" என்று, பக்கத்து நாற்காலி இன்னும் சூடாக இருக்கிற மாதிரி சொல்வேன். அந்த அறையில் ஒரே நாற்காலிதான். அதில் நான் உட்கார்ந்திருப்பேன்.

போர்வெல்காரர் வேடிக்கையான ஆள். "எவனாச்சும் அட்வான்ஸ் குடுத்துட்டு எங்கன்னு கேட்டான்னா சைட்ல இருக்காருன்னு சொல்லு" என்பார்.

"எந்த சைட்டுன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"தண்ணி வந்த எடம்னு சொல்லு. அது எங்கன்னு எனக்கே தெரீலப்பா."

இப்படி ஓடியது. நாளைக்கு எட்டு பத்து தடவை மணி அடிக்கும். மற்ற நேரம் நோட்டில் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். பேரைத் தப்பாக எழுதிவிட்டேனா, செவ்வாய்க்கிழமை என்று சொன்னார்களா வியாழக்கிழமை என்று சொன்னார்களா என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். சில நாள் சும்மா ரிசீவரை எடுப்பேன். "நம்பர்?" என்று அந்தக் குரல் கேட்கும். "ஒண்ணுமில்லீங்க, லைன் இருக்குதான்னு பாத்தேன்" என்று வைத்துவிடுவேன். அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்திருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியும். முகம் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியவில்லை.

முதல் சாவுச் சேதி மூன்றாவது மாதம் வந்தது. நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு வீடு. ஆஸ்பத்திரியில் இருந்த பெரியவர் தவறிவிட்டார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "ரொம்ப சீரியஸா இருக்காராம், ஒடனே வரச் சொன்னாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். செத்துவிட்டார் என்று யாரும் வாசலில் நின்று சொல்வதில்லை, கேட்கிறவர்களும் புரிந்துகொள்வார்கள். அங்கேயும் புரிந்துகொண்டார்கள். அழுகை கிளம்பியது. அந்த அழுகைக்கு நடுவில் நின்று அரை ரூபாய் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. துக்கச் சேதிக்குக் காசு வாங்குவதில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, நோட்டில் மட்டும் அதற்கு நேரே ஒரு கோடு போட்டு வைப்பேன். ஆனால் ஊர் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டிருந்தது.

எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே பெண்கள் காசை நீட்ட ஆரம்பித்தார்கள். சேதியைக் கேட்கவில்லை, யார் பேசினார்கள் என்று கேட்கவில்லை. முதலில் காசு. நான் அதை வாங்கிக்கொண்டதும் பெருமூச்சு விட்டு, "ம், சொல்லு" என்பார்கள். எனக்குப் புரியவில்லை. நம்மேல் இவ்வளவு மரியாதையா என்றுகூட நினைத்தேன்.

டீக்கடை அண்ணன்தான் உடைத்தார். "நீ காசு வாங்கிட்டா யாரும் சாகலன்னு அர்த்தமாம். ஊரே பேசிக்குது. உங்கையில காசத் திணிச்சுட்டா எமனே திரும்பிப் போயிடுவான்ற மாதிரி ஓடியாறாளுங்க."

அப்போதே நான் எதையாவது மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. எல்லோரும் ஓடிவந்து காசு கொடுக்கிறார்கள், பில் தவறாமல் கட்ட முடிகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டவன் இதற்கு மட்டும் கவலைப்படவில்லை.

பண்டசோழநல்லூரில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மில் களத்தில் நெல் காயவைத்தவர். புருஷன் இல்லை. ஒரே மகளை மெட்ராஸில் கொடுத்திருந்தார். மில் நின்ற பிறகு ஒரு மாட்டை வைத்துக்கொண்டு புல்லறுத்துக் காலத்தை ஓட்டினார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மில் ஓடின காலத்தில், நான் வெறும் சோற்றைப் பிசைந்து தின்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்காமலே தூக்கில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டுப் போனவர். ஒரே நாள்தான். ஆனால் என் வாழ்க்கையில் அப்படி ஊற்றியவர்கள் எத்தனை பேர்?

மகள் நிறைமாதமாக இருந்தாள். மாப்பிள்ளை ஏதோ ஒரு கம்பெனி ஆபீசில் பியூன். அங்கிருந்து எனக்கு ஒரு நாள் காலை பத்து மணிக்கு டிரங்க் கால் வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் சௌக்கியம். மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். அப்படிப்பட்ட சேதிகளுக்காகத்தான் நான் அந்த வேலையில் இருந்தேன் என்று அந்த வழியில் தோன்றியது.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரே ஒரு ஐம்பது காசு. அதைத் தவிர அந்த முடிச்சில் எதுவும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

"வேணாம்க்கா. இருக்கட்டும்" என்றேன். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அவருக்கு நான் கொடுக்கிற பரிசு மாதிரி நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் முகம் அப்படியே நின்றது. நீட்டின கையும் நின்றது.

"ஏன் தம்பி?"

"சும்மாதான்க்கா. உங்களுக்குப் பேத்தி பொறந்திருக்குது. ரெண்டு பேரும் சௌக்கியமா இருக்காங்களாம்."

"ஏன் காசு வேணாம்ன்ற?"

"அதான் சொல்றேனேக்கா, சும்மாதான்..."

அவர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அழுகை. அந்த அழுகையைக் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், பெண் குழந்தை, சுகப்பிரசவம், மாப்பிள்ளையே பேசினார். யாரும் கேட்கவில்லை.

"காசு வாங்கிச்சா அந்தப் புள்ள?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வேணாம்னுட்டான்டி" என்றாள் இன்னொருத்தி.

அவ்வளவுதான். அதற்குமேல் அங்கே விசாரணை இல்லை. "நேரா சொல்லக்கூடாதுன்னு மெட்ராஸ்காரன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பான். இவன் மூஞ்சியப் பாரு, சௌக்கியம்னு சொல்ற மூஞ்சியா இது?" என்றார் ஒரு பெரியவர். என் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதற்கு நான் என்ன செய்வேன். பயத்தில் இன்னும் கெட்டிருக்கும்.

கடைசியில் நான், "சரிக்கா, காசக் குடுங்க, வாங்கிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"பாத்தியா, பாத்தியா" என்றாள் முதலில் கேட்டவள். "இப்ப நம்மள ஏமாத்தறதுக்கு வாங்கறான்."

மில்லுக்கு ஓடிவந்து மாப்பிள்ளையின் ஆபீசுக்கு அர்ஜெண்ட் கால் புக் பண்ணினேன். லைன் கிடைத்தபோது மணி நாலு. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்றார்கள். அதற்குள் அக்காவும் இன்னும் நான்கு பேரும் பஸ் ஏறியிருந்தார்கள். பால்காரரிடம் மாட்டின் பேரில் கடன் வாங்கி, போகிற வழியில் ஒரு சேலையும் மாலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். செத்த பெண்ணுக்குத் தாய்வீடு போர்த்துகிற கோடிச் சேலை.

அங்கே நடந்ததை எல்லோரும் பிறகு பல விதமாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வரைக்கும் இவ்வளவுதான். மகள் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ஐந்து பேரும் மாரில் அடித்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தார்கள். சம்பந்தியம்மாள் சேலையையும் மாலையையும் பார்த்தாள். பச்சைப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு இதைக் கொண்டுவந்தவள் தன் வீட்டு வாசற்படி மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அக்கா பேத்தியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு என் சைக்கிள் போகிற தெருக்களில் கதவு சாத்திக்கொண்டது. காசு வாங்கினாலும் சந்தேகம், வாங்காவிட்டாலும் சந்தேகம். சிலர் மகன்களுக்குக் கடிதம் போட்டு இந்த நம்பருக்குக் கூப்பிடாதே என்று எழுதினார்கள். மேளசெட்டுத் தலைவர் வந்து, "கல்யாணத்துக்கு வாசிக்கறவன் நான். எழவு போனுன்னு பேரெடுத்த எடத்துல என் பேர் இருக்கக்கூடாதுப்பா" என்று சொல்லி விலகிக்கொண்டார். லாரிக்காரர் சொல்லாமலே விலகினார். போர்வெல்காரர் மட்டும், "எனக்கு எழவு போனுதான்டா சௌகரியம். கடன்காரன் பயப்படுவான்" என்றார்.

மணி அடிப்பது நாளைக்கு இரண்டு தடவையாகி, ஒன்றாகி, சில நாள் இல்லாமலும் போனது. நான் ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். லைன் இருந்தது. இரண்டு மாதத்து பில் வந்தது. தொண்ணூறு ரூபாய்க்குக் கிட்ட. அந்த அர்ஜெண்ட் காலும் அதில் இருந்தது. என்னிடம் ஐம்பத்தைந்து இருந்தது. கெடு முடிய ஒன்பது நாள். லைன்மேன் அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் அவர் பையைப் பார்ப்பேன்.

அந்த ஒன்பது நாளில் இரண்டாவது நாள் அக்கா வந்தார். கட்டியிருந்த சேலை புதுசு. அது எந்தச் சேலை என்று பார்த்ததும் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். நாற்காலியைக் காட்டினேன், அவர் உட்காரவில்லை. நூலால் கட்டிய ஒரு கற்றை பஸ் டிக்கெட்டை மேஜைமேல் வைத்தார்.

"நூத்திப் பதினெட்டு ரூபா. அஞ்சு பேரு, போக வர. எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"சேலைக்கு?" என்றேன்.

"அதுக்கு வேணாம். அதக் கட்டிகினுதான் புல்லறுக்கறேன். நல்லா ஒழைக்குது." முகத்தில் சிரிப்பு இல்லை. "பஸ்ஸுக்குக் குடு."

என்னிடம் இல்லை என்று சொன்னேன். பில்லைக் காட்டினேன். போனை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்றேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் பில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன் போயிடுச்சுன்னா எங்காசு?"

நான் டிக்கெட் கற்றையைத் திரும்ப நூலால் கட்டினேன்.

"அப்பப் போன் போகக்கூடாது" என்றார். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னா வெல வெச்சிருக்க நீ? நல்லதுக்கு ஒண்ணு, கெட்டதுக்கு ஒண்ணு. நாங்க உன் வாயப் பாப்பமா, கையப் பாப்பமா? எல்லாத்துக்கும் ஒரே வெல வை. பொறந்தாலும் அரை ரூபா, செத்தாலும் அரை ரூபா. மொதல்ல காச வாங்கு, அப்புறம் வாயத் தொற. எவளாச்சும் இல்லன்னா, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லு. வேணாம்னு மட்டும் சொல்லாத. எங்கிட்ட சொன்னியே, அந்த மாதிரி சொல்லாத."

"செத்த வூட்டுல எப்படிக்கா கேக்கறது?"

"கேக்கணும். கேக்க முடியலன்னா எங்காசக் குடுத்துட்டுப் போனத் தூக்கிக் குடுத்துடு."

அவரே போய்ச் சொன்னார். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக, இனிமேல் போனுக்காரனுக்கு எல்லாத்துக்கும் அரை ரூபா, முன்னாடியே குடுத்துடணும் என்று. அவர் வாயால் சொன்னதால்தான் ஜனங்கள் கேட்டார்கள். அவரைவிட யாருக்கு அதனால் நஷ்டம்? போர்வெல்காரர் இரண்டு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்தார். டீக்கடை அண்ணன் பாக்கியையும் கேட்காமல் பத்து ரூபாய் கடன் கொடுத்து, "இதுக்கு வட்டி இன்னான்னா என் கடைக்கு வராம இருக்கறது" என்றார். மீதி அரை ரூபாய் அரை ரூபாயாகச் சேர்ந்தது. பாகூர் போஸ்டாபீசில் கடைசி நாள் மதியம் பில்லைக் கட்டினேன். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியில் மூன்று இடத்தில் இறங்கி இருக்கிறதா என்று பார்த்தேன்.

புது விலையில் முதல் துக்கச் சேதி அடுத்த வாரமே வந்தது. ஊருக்குள்தான். வாசலில் நின்று கையை நீட்டினேன். அந்த வீட்டுக்காரர் அரை ரூபாயை வைத்தார். அதை மூடிக்கொண்டு சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "சரி, நீ போ" என்றார். முன்னெல்லாம் காசு வாங்காதபோது, அழுகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். யார் என்ன என்று தெரியாமலே என் தோளில் சாய்வார்கள். இப்போது கூலி கொடுத்தாயிற்று. அந்தக் காசு மில்லுக்கு வந்து சேருகிற வரைக்கும் உள்ளங்கையில் சூடாகவே இருந்தது. சரியான விலைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்லது கெட்டது எதுவானாலும் அதன் பிறகு எந்த வீட்டிலும் என்னை உட்காரச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று பேச்சு. மாதம் பிறந்து முதல் வாரம் வருவார். அவருக்காக இன்னொரு நாற்காலியைக் கோடவுனிலிருந்து எடுத்துப்போட்டேன். காசை வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். மாட்டைப் பற்றிப் பேசுவார். மகளிடமிருந்து கடிதம் வந்திருந்தால் நான் படித்துக்காட்டுவேன். சம்பந்தியம்மாள் கோபம் மூன்று வருஷம் இருந்தது. மகளிடமிருந்து அழைப்பு வருமா என்று அக்கா போனையே பார்ப்பார். அந்த நேரத்தில் மணி அடித்தால் நான் "போர்வெல் ஆபீசுங்க" என்று சொல்வதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மாதத்தில் ஒரு நாள் அந்த அறையில் இரண்டு பேர்.

பாதிக்கு மேல் கட்டியபின் எனக்குப் புதுக் கவலை ஒன்று வந்தது. மீதியை எண்ண ஆரம்பித்தேன். நாற்பது, முப்பத்தேழு, முப்பத்திநாலு. அதன் பிறகு மூன்று ரூபாய் கொடுக்க வேண்டிய மாதத்தில் இரண்டு கொடுத்தேன். வருமானம் கம்மி என்றேன். சில மாதம் ஒன்றரை. நோட்டில் வருமானம் நன்றாகத்தான் இருந்தது. அவர் அதையும் வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

எண்பதுகளில் கேஸ் ராஜியாகி, மில்லை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனது. போனை முதலாளியின் மகன் டவுனுக்கு மாற்றிக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தது. அந்த மாதம் அக்கா வந்தபோது அவருடைய முகம் தெளிவாக இருந்தது. மாப்பிள்ளையே கடிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார், மகள் வேலைக்குப் போகிறாள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாட்டை விற்றாயிற்று.

"எப்பக்கா போறீங்க?"

"தை பொறந்தா."

என் சட்டைப்பையில் பதினாறு ரூபாய் இருந்தது. பாக்கி மொத்தமும் பதினாறுதான். நான் ஒன்றரை ரூபாயை எடுத்து வைத்தேன். "சில்லறை இல்லக்கா. மீதிய அடுத்த வாட்டி வாங்கிக்கங்க."

அவர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொத்தமாக் குடுத்துட்டா நான் வரமாட்டேன்னு பாக்கறியா தம்பி?"

"அதெல்லாம் இல்லக்கா. சில்லறைதான் இல்ல."

"சரி, கெடக்கட்டும். உன் நோட்டுல எழுதி வை."

எழுதி வைத்தேன். தை மாதம் அவர் போனார். மாசியில் லைன்மேன் அதே பையோடு வந்தார். அவர் திருப்புளியை எடுத்தபோது அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு இப்போது வயதாகிவிட்டது. அக்கா இருக்கிறாரா என்று தெரியாது, கடிதத்தில் படித்த மெட்ராஸ் விலாசத்தை எழுதி வைக்கவும் இல்லை. நோட்டு மட்டும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது அப்படியே இருக்கிறது: அக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி, பதினான்கு ரூபாய் ஐம்பது காசு.